மல்லி வாசனைக்கு அடிப்படையான பென்சைல் அசிட்டேட்டை லேப்ல செய்யுறது எப்படி

மல்லிகை ஊதுபத்தி, மல்லி ரூம் ஸ்ப்ரே, தெருவோரக் கடையில சின்ன பாட்டில்ல விக்குற மல்லி சென்ட், இதுல எதை எடுத்து மோந்தாலும் முதல்ல மூக்குல வந்து முட்டுற அந்த இனிப்பு வாசனை பெரும்பாலும் ஒரே பொருளோடதுதான், பேரு பென்சைல் அசிட்டேட். இதை செய்யுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஒரு ஆல்கஹால், ஒரு ஆசிட், வேலையை வேகப்படுத்த ஒரு துளி கேட்டலிஸ்ட், மூணு மணி நேரம் கொதி, அவ்ளோதான், பி.எஸ்சி ரெண்டாம் வருஷப் பசங்களே பண்ணிடுவாங்க. ஆனா பண்ணி முடிச்சு பாட்டிலைத் திறந்தா பாதிப் பேருக்கு மல்லி வராது, வினிகர் வரும், இல்லன்னா பெயிண்ட் கடை வாசனை வரும். ஏன்னா எல்லாரும் ரியாக்‌ஷனை மட்டும் கவனமா பண்ணுறாங்க, அதுக்கப்புறம் வர்ற கழுவுறது, காய வைக்குறது, வடிக்குறது இதையெல்லாம் அவசர அவசரமா முடிச்சுட்டு பஸ் பிடிக்க ஓடிடுறாங்க. வாசனை நிர்ணயம் ஆகுறதே அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துலதான், அதனால இந்த கைடுல அந்தப் பகுதியைத்தான் நீளமா எழுதப் போறேன்.

முதல்ல இது பூவுல எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாத்துடுவோம். 1899ல ஜெர்மனில ஹெஸ்ஸேயும் முல்லரும் மல்லிகை எண்ணெயைப் பிரிச்சுப் பாத்தப்பவே இதுல பெரும்பங்கு பென்சைல் அசிட்டேட்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல பிச்சி, ஜாதிமல்லின்னு சொல்லுற வகையோட அப்சல்யூட்ல, அதாவது பூவுல இருந்து எடுக்குற அடர்த்தியான வாசனை எண்ணெய்ல, சாதாரணமா கால்வாசி வரைக்கும் இதுதான் இருக்கும். குண்டுமல்லில கணக்கு கொஞ்சம் வேற, அதுலயும் இது உண்டு, கூடவே லினலூல், இண்டோல், மீதைல் ஆந்த்ரனிலேட் எல்லாம் தூக்கலா இருக்கும். லாங் லாங்னு சொல்லுற மனோரஞ்சிதக் குடும்பத்துப் பூ எண்ணெய்லயும் இருக்கு. பூவும் கிட்டத்தட்ட நாம பண்ணப் போற வேலையைத்தான் பண்ணுது, பென்சைல் ஆல்கஹாலை எடுத்து அதுமேல அசிட்டைல் கோஎன்சைம் ஏல இருந்து ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டுது. என்ன, அதுக்கு ஒரு என்சைம் இருக்கு, அதனால கொதிக்க வைக்காம, ஆசிட் ஊத்தாம, சாயங்காலக் காத்துலயே வேலையை முடிச்சுடும். பறிச்ச பிறகும் பல மணி நேரம் இந்த உற்பத்தி நிக்காது, சாயங்காலம் வாங்குன மொட்டுச் சரம் ராத்திரிதான் ஊரைக் கூட்டுற மாதிரி மணக்குறதுக்கு இதுதான் காரணம். பிரான்ஸ்ல கிராஸ் ஊர்க்காரங்க அந்தக் காலத்துல கொழுப்பு தடவுன கண்ணாடி மேல பூவைப் பரப்பி வச்சு எண்ணெய் எடுத்ததுக்கும் இதேதான் காரணம், பூ உயிரோட இருக்குற வரைக்கும் வாசனையை விட்டுக்கிட்டே இருக்கும், கொழுப்பு அதைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்போ பெரிய அளவுல யாரும் அப்படி பண்ணுறது இல்ல, ஹெக்சேன்ல பூவை ஊற வச்சு மெழுகு மாதிரி கான்க்ரீட் எடுத்து அதை ஆல்கஹால்ல கரைச்சு மெழுகைப் பிரிச்சு அப்சல்யூட் எடுக்குறாங்க. தமிழ்நாட்டுலயே அந்த ஆலைங்க இருக்கு, உலகத்துல மல்லிகை கான்க்ரீட் அதிகமா போறதே எகிப்துல இருந்தும் இந்தியாவுல இருந்தும்தான். ஆனா ஒரு டன் பிச்சிப்பூ போட்டா கான்க்ரீட் ரெண்டரை, மூணு கிலோ தேறும், அதுல பாதிதான் அப்சல்யூட். இந்தக் கணக்குல ஊதுபத்தி விக்க முடியுமா சொல்லுங்க. அதனாலதான் சோப்பு, ஷாம்பு, பத்தி எல்லாத்துலயும் தொழிற்சாலைல செஞ்ச பென்சைல் அசிட்டேட் போகுது.

ஒண்ணு இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் ஏமாந்துட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது. சுத்தமான பென்சைல் அசிட்டேட்டை மட்டும் மோந்தா மல்லிப்பூ அப்படியே வராது. பேரிக்காய் ஃபிளேவர் போட்ட சூயிங் கம் மாதிரி ஒரு பழ இனிப்பு, அதுக்கு அடியில மல்லி சாயல், அவ்ளோதான். முழு மல்லி வேணும்னா கூட நாலஞ்சு பொருள் சேக்கணும், அதைக் கடைசில சொல்லுறேன்.

செய்யுறதுக்கு வழி மூணு இருக்கு. கம்பெனிகள்ல நிறைய பேர் போற வழி டொலுவீன்ல ஆரம்பிக்கும், டொலுவீனைக் குளோரினேட் பண்ணி பென்சைல் குளோரைடு, அதை சோடியம் அசிட்டேட்டோட சூடு பண்ணுனா பென்சைல் அசிட்டேட்டும் சாப்பாட்டு உப்பும் வரும். மலிவு, ஈல்டும், அதாவது கைக்கு வர்ற அளவும், நல்லா இருக்கும். ஆனா கொஞ்சூண்டு குளோரைடு மிச்சம் இருந்தாலும் வாசனைல ஒரு காரம் தெரியும், அதனாலதான் மார்க்கெட்ல எஃப்.எஃப்.சி கிரேடு, அதாவது குளோரின் இல்லாததுன்னு தனியா விலை போட்டு விக்குறாங்க. காலேஜ் லேப்ல இந்த வழி வேணவே வேணாம், பென்சைல் குளோரைடு பாட்டிலைத் திறந்தாலே கண்ணு எரிஞ்சு தண்ணி கொட்டும், உடம்புக்கும் கெடுதல்.

ரெண்டாவது வழி பென்சைல் ஆல்கஹாலோட அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ரியாக்‌ஷன் சூப்பரா முழுசா போகும், தண்ணியும் உருவாகாது. ஆனா அசிட்டிக் அன்ஹைட்ரைடு நம்ம நாட்டுல போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல கட்டுப்படுத்தப்பட்ட பொருள், வாங்குறதுக்கும் வச்சிருக்குறதுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன், ரெஜிஸ்டர், கணக்கு எல்லாம் உண்டு. உங்க டிபார்ட்மெண்ட்ல முறைப்படி இருந்தா சார்கிட்ட கேட்டுக்கோங்க, இல்லன்னா அதைத் தேடிக்கிட்டு அலையாதீங்க.

மூணாவது, நாம பண்ணப் போறது, 1895ல எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் எழுதி வச்ச பழைய எஸ்டரிஃபிகேஷன், அதாவது ஆல்கஹாலையும் ஆசிட்டையும் சேத்து எஸ்டர் ஆக்குறது, பென்சைல் அசிட்டேட்டும் ஒரு எஸ்டர்தான். பென்சைல் ஆல்கஹால், கிளேசியல் அசிட்டிக் ஆசிட், கொஞ்சம் ஆசிட் கேட்டலிஸ்ட். இதுல ஒரே தலைவலி ஈக்விலிப்ரியம். எஸ்டரும் தண்ணியும் உருவாக உருவாக அதுங்களே திரும்பவும் ஆல்கஹாலும் ஆசிட்டுமா மாறும், இந்த மாதிரி எஸ்டர்களுக்கு ஈக்விலிப்ரியம் கான்ஸ்டன்ட் சுமாரா 4ன்னு எடுத்துக்கலாம், அப்போ ஒரு மோலுக்கு ஒரு மோல், அதாவது மூலக்கூறு எண்ணிக்கைல சரிக்குச் சரி, போட்டா 67 சதவீதத்தோட நின்னுடும். எத்தனை மணி நேரம் கொதிக்க விட்டாலும் அதுக்கு மேல போகாது. ஆசிட்டை மூணு மடங்கு போட்டா அதே கணக்குல 90 சதவீதம் வரும், நீங்களே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.

சரி, ஆசிட்டை ஏன் அதிகமா போடணும், ஆல்கஹாலை அதிகமா போட்டாலும் கணக்கு அதேதானேன்னு கேப்பீங்க. இங்கதான் யோசிக்கணும். அசிட்டிக் ஆசிட் 118 டிகிரில கொதிக்கும், தண்ணில எவ்ளோ வேணா கரையும், அதனால கழுவுனா போயிடும். பென்சைல் ஆல்கஹால் 205 டிகிரில கொதிக்கும், நம்ம எஸ்டர் 214 பக்கம் கொதிக்கும், நடுவுல ஒம்போது பத்து டிகிரிதான் வித்தியாசம், சாதாரண டிஸ்டிலேஷன்ல ரெண்டும் கைகோத்துக்கிட்டே வரும். அந்த ஆல்கஹால் தண்ணிலயும் 100 மில்லிக்கு 4 கிராம்தான் கரையும். அதாவது மிச்சமாகுற ஆல்கஹாலைப் பிறகு பிரிக்குறது கஷ்டம், அதனால அது மிச்சமே ஆகாத மாதிரி முன்னாடியே பாத்துக்கணும். கழுவுற வேலையை மனசுல வச்சுத்தான் மோல் கணக்கே போடணும்.

கேட்டலிஸ்ட் விஷயம். புக்ல எல்லாம் கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்னு இருக்கும். மத்த ஆல்கஹாலுக்கு ஓகே, பென்சைல் ஆல்கஹாலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பென்சைல் தொகுதி ஸ்ட்ராங் ஆசிட்டைப் பாத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு டைபென்சைல் ஈத்தர், அப்புறம் பிசின்னு போயிடும், கலவை மஞ்சளாகி, சிவப்பாகி, பிளாஸ்க் அடியில தார் மாதிரி நிக்கும். பாரா டொலுவீன் சல்ஃபோனிக் ஆசிட், லேப்ல பி.டி.எஸ்.ஏன்னு சொல்லுவாங்க, வெள்ளைப் பொடி, அது ஒரு கிராம் போதும், சாந்தமா வேலை செய்யும். அது கிடைக்கவே இல்லன்னா சல்ஃப்யூரிக் ஆசிட் நாலஞ்சு சொட்டு, அதுவும் கலவை ஆறி இருக்குறப்ப, கிளறிக்கிட்டே, சொட்டு சொட்டா. சூடான ஆல்கஹால்ல நேரா ஊத்துற வேலையெல்லாம் வேணாம்.

இதை வீட்டு அடுப்பாங்கரைல, பால்கனில எல்லாம் பண்ணாதீங்க. ஆவியை வெளிய இழுக்குற ஃப்யூம் ஹூட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர், இது நாலும் இருந்தா மட்டும்தான். கிளேசியல் அசிட்டிக் ஆசிட்னா சமையல் வினிகர்தானேன்னு அலட்சியமா இருக்காதீங்க, வினிகர் அஞ்சு சதவீதம், இது நூறு, தோல்ல பட்டா கொஞ்ச நேரம் கழிச்சு கொப்புளம் வரும், ஆவி மூச்சை அடைக்கும். நாம கரைப்பானா சேக்கப் போற சைக்ளோஹெக்சேன் பெட்ரோல் மாதிரி பத்திக்கும், அதனால பன்சன் பர்னர் கிடையாது, ஹீட்டிங் மேண்டில் இல்லன்னா ஆயில் பாத் மட்டும்.

தேவையானது என்னன்னா பென்சைல் ஆல்கஹால் 27 கிராம், அதாவது கால் மோல், 26 மில்லி வரும். கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 45 கிராம், முக்கால் மோல், 43 மில்லி. பி.டி.எஸ்.ஏ ஒரு கிராம். சைக்ளோஹெக்சேன் 40 மில்லி, மிச்ச ஆசிட்டை அடக்க சோடியம் பைகார்பனேட், சாப்பாட்டு உப்பு, ஈரத்தை உறிஞ்ச அன்ஹைட்ரஸ் சோடியம் சல்ஃபேட். 250 மில்லி ரவுண்ட் பாட்டம் பிளாஸ்க், ஆவியைக் குளிர வச்சு திரும்ப பிளாஸ்க்குக்கே விடுற ரிஃப்ளக்ஸ் கண்டென்சர், லேயர் பிரிக்க அடியில குழாய் வச்ச 250 மில்லி செப்பரேட்டிங் ஃபனல், டிஸ்டிலேஷன் செட்டு, தெர்மாமீட்டர் 250 டிகிரி வரைக்கும் காட்டுறது, ஏன்னா லேப்ல சும்மா கிடக்குற 110 டிகிரி தெர்மாமீட்டரை மாட்டிட்டு அது வெடிச்சு மெர்க்குரி கொட்டுனா அன்னைக்கு பூரா அதுதான் வேலையா இருக்கும்.

பென்சைல் ஆல்கஹாலை எடுத்ததும் முதல்ல மோந்து பாருங்க, மோக்குறதுன்னா பாட்டில் வாய்ல மூக்கை வைக்காம கையால வீசி. புது ஆல்கஹாலுக்கு வாசனை ரொம்ப லேசா இருக்கும். கசப்பு பாதாம் எசன்ஸ் மாதிரி தூக்கலா அடிச்சா அது காத்து பட்டு பென்சால்டிஹைடு ஆயிடுச்சுன்னு அர்த்தம், பல வருஷமா அலமாரில அரை பாட்டிலா நிக்குறது எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதை வச்சும் ரியாக்‌ஷன் நடக்கும், ஆனா அந்த பாதாம் வாசனை கடைசி வரைக்கும் கூடவே வந்து மல்லியைக் கெடுக்கும். முடிஞ்சா புது பாட்டில் வாங்குங்க. அசிட்டிக் ஆசிட் 16.6 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் காலேஜ்னா காலைல கல்லு மாதிரி நிக்கும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சுட்டு எடுங்க.

பிளாஸ்க்ல ஆல்கஹால், ஆசிட், பி.டி.எஸ்.ஏ மூணையும் போட்டு, கொதி சீரா வர மறக்காம ரெண்டு மூணு போர்சலின் துண்டு போட்டு, கண்டென்சர் மாட்டி, தண்ணி கீழ இருந்து மேல போகுதான்னு பாத்துட்டு சூடு பண்ண ஆரம்பிங்க. 120 டிகிரி பக்கம் கொதிக்கும். ஆவி கண்டென்சரோட கீழ் மூணுல ஒரு பங்கோட நிக்குற மாதிரி சூட்டை வச்சுக்கிட்டா போதும், தளபுளன்னு கொதிக்கணும்னு இல்ல. மூணு மணி நேரம். கலவை லேசா மஞ்சள் ஆனா பரவால்ல, காபி நிறத்துக்குப் போகுதுன்னா சூடு அதிகம்.

இதுக்கு பதிலா உங்ககிட்ட டீன் ஸ்டார்க் செட்டு இருந்தா நான் அதைத்தான் சிபாரிசு பண்ணுவேன். 1920ல டீனும் ஸ்டார்க்கும் பெட்ரோலியத்துல தண்ணி எவ்ளோ இருக்குன்னு அளக்குறதுக்காக பண்ணுன கண்ணாடிச் சாமான் அது, எஸ்டர் செய்யுறவங்களுக்கு வரமா அமைஞ்சுடுச்சு. ஆசிட் மூணு மடங்கு வேணாம், 18 கிராம் போதும், சைக்ளோஹெக்சேனையும் ஆரம்பத்துலயே போட்டுடணும், அது தண்ணியைத் தூக்கிக்கிட்டு மேல வந்து டிராப்ல, அதாவது பக்கத்துல இருக்குற அளவுக் குழாய்ல, விட்டுட்டு திரும்ப பிளாஸ்க்குக்குப் போகும். தண்ணி வெளிய போயிட்டா ஈக்விலிப்ரியம் திரும்பி வர முடியாது, ஆல்கஹால் கிட்டத்தட்ட முழுசா தீந்துடும். இதுல இன்னொரு சௌகரியம், ரியாக்‌ஷன் எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியும். கால் மோலுக்கு 4.5 மில்லி தண்ணி வரணும், டிராப்ல அந்தக் கோட்டுக்கு வந்து அதுக்கப்புறம் ஏறாம நின்னா வேலை முடிஞ்சது. கொஞ்சம் ஆசிட்டும் தண்ணியோட வந்து விழும்ங்கிறதால அரை மில்லி கூடக் காட்டலாம், பயப்பட வேணாம். கொதிநிலை கம்மிங்கிறதால நேரம் மட்டும் கூட ஆகும், பொறுமையா விடுங்க.

இனிமேதான் முக்கியமான வேலை. கலவையை ரூம் சூட்டுக்கு ஆற விடுங்க. உடனே பைகார்பனேட்டை எடுத்துக் கொட்டணும்னு கை பரபரக்கும், கொட்டாதீங்க, உள்ள இன்னும் அரை மோலுக்கு மேல அசிட்டிக் ஆசிட் இருக்கு, அத்தனையையும் பைகார்பனேட்ல அடக்கணும்னா நாப்பது கிராமுக்கு மேல ஆகும், லிட்டர் கணக்குல கேஸ் வந்து ஃபனல் மூடி சீலிங்கைத் தொடும். முதல்ல வெறும் தண்ணி.

அதுக்கும் முன்னாடி 40 மில்லி சைக்ளோஹெக்சேன் சேத்துக்கோங்க, டீன் ஸ்டார்க்ல பண்ணுனவங்களுக்கு ஏற்கனவே உள்ள இருக்கும். இது எதுக்குன்னா, பென்சைல் அசிட்டேட்டோட அடர்த்தி 1.05, தண்ணி 1, அப்போ எஸ்டர் தண்ணிக்கு அடியில போகும்னு நினைப்பீங்க, சரிதான். ஆனா பைகார்பனேட் கரைசலை ஊத்துனா அதோட அடர்த்தியும் ஏறி எட்டு சதவீதம் பக்கம் 1.05 கிட்ட வந்துடும், அப்போ ரெண்டுக்கும் எடை ஒண்ணு, மேலயும் போகாம கீழயும் போகாம மோர் மாதிரி கலங்கி நிக்கும். அதுக்கப்புறம் உப்புக் கரைசல் ஊத்துனா அது 1.2, எஸ்டர் மேல மிதக்கும். ஒரே பாடத்துல எஸ்டர் முதல்ல கீழ, அப்புறம் நடுவுல, அப்புறம் மேலன்னு இடம் மாறுனா எந்த லேயரை சிங்க்ல ஊத்துறதுன்னு யாருக்குத்தான் குழப்பம் வராது, பாதி பேட்ச்சோட ஈல்டு இப்படித்தான் சிங்க்ல போகுது. சைக்ளோஹெக்சேன் 0.78, அதைச் சேத்துட்டா கலவை 0.9 பக்கம் வந்துடும், எந்தக் கரைசல் ஊத்துனாலும் நம்ம சரக்கு எப்பவும் மேலதான். அப்பவும் சந்தேகம்னா ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, எந்த லேயர்ல போய் கலக்குதோ அதுதான் தண்ணி லேயர். கடைசி வரைக்கும் எந்த லேயரையும் கீழ ஊத்தாம பீக்கர்ல பேர் எழுதி வச்சுக்கோங்க.

100 மில்லி குளிர்ந்த தண்ணி ஊத்தி, மெதுவா குலுக்கி, கீழ் லேயரை இறக்குங்க. திரும்ப 50 மில்லி, இன்னொரு தடவை 50 மில்லி. இதுலயே ஆசிட் பெரும்பகுதி போயிடும், பி.டி.எஸ்.ஏவும் போயிடும், மிச்சம் இருக்குற பென்சைல் ஆல்கஹால்லயும் ஒரு பங்கு தண்ணியோட போகும். அப்புறம் அஞ்சு சதவீத பைகார்பனேட் 50 மில்லி, மூடி போடாம முதல்ல ஃபனலை லேசா சுத்துங்க, நுரை அடங்குனதும் மூடி போட்டு தலைகீழா கவுத்து குழாயைத் திறந்து கேஸை விடுங்க, அப்புறம்தான் குலுக்குறது. குழாய் வாய் யார் மூஞ்சியையும் பாக்கக் கூடாது. நுரை வர்றது சுத்தமா நிக்குற வரைக்கும் புது பைகார்பனேட் மாத்தி மாத்தி ஊத்துங்க, கீழ் லேயரை லிட்மஸ்ல தொட்டா நீலமா இருக்கணும். இதுல சோம்பேறித்தனம் பட்டா ரெண்டு விதத்துல அடிபடும். ஒண்ணு வினிகர் வாசனை. இன்னொண்ணு அதைவிட மோசம், ஆசிட் மிச்சம் இருக்க இருக்க 200 டிகிரிக்கு மேல ஏத்துனா ஏற்கனவே சொன்ன பிசின் கதை பிளாஸ்க்குக்குள்ள நடக்கும், சூடும் தானா ஏறும், ஆபத்து. கடைசியா உப்பு கரையுற மட்டும் கரைச்ச தண்ணி 30 மில்லில ஒரு அலசு.

மேல் லேயரைக் காஞ்ச கோனிக்கல் பிளாஸ்க்ல இறக்கி சோடியம் சல்ஃபேட் போடுங்க. ஆரம்பத்துல கட்டி கட்டியா அடியில ஒட்டும், இன்னும் கொஞ்சம் போட்டுச் சுத்துங்க, பொடி தனித்தனியா பனித்தூள் மாதிரி சுழன்றா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம், கலங்கல் போய் கண்ணாடி மாதிரி தெளியும். இருபது நிமிஷமாவது விடுங்க.

வடிச்சு டிஸ்டிலேஷன் பிளாஸ்க்ல ஊத்தி, புது போர்சலின் துண்டு போட்டு சூடு பண்ணுனா 81 டிகிரி பக்கம் சைக்ளோஹெக்சேன் வந்துடும், தனியா எடுத்து வச்சுக்கிட்டா அடுத்த பேட்ச்சுக்கு ஆகும். அதுக்கப்புறம் தெர்மாமீட்டர் விறுவிறுன்னு ஏறும். 150 தாண்டுறதுக்கு முன்னாடி கண்டென்சர்ல தண்ணியை நிறுத்தி வடிச்சுட்டு வெறும் காத்துக் கண்டென்சரா மாத்துங்க, அவ்ளோ சூடான ஆவி படுற இடத்துல பச்சைத் தண்ணி ஓடுனா கண்ணாடி விரிசல் விடும். 180 பக்கம் கொஞ்சம் பென்சால்டிஹைடு வரும், 205ல இருந்து ஆல்கஹால் கலந்து வரும், இதெல்லாம் ஒரு பாட்டில். 211 தாண்டி தெர்மாமீட்டர் நிலையா நிக்க ஆரம்பிச்சதும் பாட்டிலை மாத்துங்க, 216 வரைக்கும் எடுக்கலாம். பிளாஸ்க்கை வறள விடாதீங்க, அடியில அஞ்சு மில்லி நிக்கட்டும், அதுல இருக்குறது டைபென்சைல் ஈத்தரும் பிசினும்தான்.

வாக்குவம் பம்ப் இருந்தா கண்டிப்பா அதுல பண்ணுங்க, வாசனை பொருளுக்கு சூடு எதிரி, 214 டிகிரில அரை மணி நேரம் வெந்த எஸ்டருக்கும் வாக்குவத்துல எடுத்த எஸ்டருக்கும் வித்தியாசம் மோந்து பாக்குற பேப்பர் ஸ்ட்ரிப்ல தெரியும், முதல்ல சொன்னதுல ஒரு கருகல் நெடி ஒளிஞ்சிருக்கும். நல்ல ஆயில் பம்ப்ல 10 மில்லிமீட்டர் மெர்க்குரி அழுத்தம் வந்தா நூறு டிகிரிக்குள்ளயே வடிஞ்சுடும். குழாய்த் தண்ணில ஓடுற வாட்டர் ஆஸ்பிரேட்டர்னா நம்ம ஊரு தண்ணி 30 டிகிரில இருக்குறதால 32 மில்லிமீட்டருக்குக் கீழ இறங்கவே இறங்காது, தண்ணியோட ஆவி அழுத்தமே அவ்ளோதான், அப்போ 110ல இருந்து 120க்குள்ள எதிர்பாருங்க. அப்பவும் பாதிக்குப் பாதி சூடு குறைஞ்ச மாதிரிதானே.

முழுசா வந்தா 37.5 கிராம் வரணும், கைல 25, 26 கிராம் நின்னா நல்ல வேலைன்னு சொல்லலாம்.

சுத்தமா இருக்கான்னு பாக்க என்கிட்ட கேட்டா ஜி.சி, அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப், எல்லாம் தேவையில்ல, ஒளிவிலகல் எண்ணை அளக்குற அபே ரிஃப்ராக்டோமீட்டர் போதும், எல்லா காலேஜ்லயும் தூசி படிஞ்சு ஒண்ணு நிக்கும். 20 டிகிரில சுத்தமான பென்சைல் அசிட்டேட் 1.502, பென்சைல் ஆல்கஹால் 1.540. வித்தியாசம் பெருசுங்கிறதால ஆல்கஹால் பத்து சதவீதம் கலந்திருந்தாலே மூணாவது தசம இடத்துல எண்ணு துள்ளி 1.506 பக்கம் போயிடும். ஒரு விஷயம், சூடு ஒரு டிகிரி ஏறுனா எண்ணு சுமாரா 0.00045 இறங்கும், நம்ம லேப் 30 டிகிரில இருந்தா 1.4975 பக்கம் காட்டுனாதான் சரி, 1.502 காட்டுதேன்னு சந்தோஷப்பட்டா உள்ள ஆல்கஹால் இருக்குன்னு அர்த்தம். ஐ.ஆர், அதாவது அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம், எடுக்க முடிஞ்சா 1740 பக்கம் எஸ்டரோட கூர்மையான பட்டை இருக்கணும், 3300 பக்கம் அகலமா தொப்பை மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா அது ஆல்கஹால். ஹைட்ரஜனை எண்ணிக் காட்டுற என்.எம்.ஆர் ரொம்ப அழகு, 2.1ல மூணு ஹைட்ரஜன், 5.1ல ரெண்டு, 7.3 பக்கம் அஞ்சு, வேற எதுவும் கிடையாது.

மூக்குல பாக்குறதுக்கு ஒரு முறை. ஃபில்டர் பேப்பர் கீத்துல ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மோந்து பாருங்க, அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு, அப்புறம் மறுநாள். முதல்ல புளிப்பு குத்துனா ஆசிட் கழுவல் போதல. நடுவுல பாதாம் வந்தா ஆல்டிஹைடு. பென்சைல் அசிட்டேட் பறக்குற பொருள், அன்னைக்கே பெரும்பாலும் போயிடும், மறுநாள் பேப்பர்ல ஏதாவது மந்தமா எண்ணெய் வாசனை ஒட்டிக்கிட்டு இருந்தா அது ஈத்தரு. சுத்தமான சரக்கு விட்ட பேப்பர் மறுநாள் கிட்டத்தட்ட வெறும் பேப்பரா இருக்கணும்.

கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி, இருட்டுல வையுங்க, பிளாஸ்டிக் டப்பா பலதையும் இது இளக்கிடும். ஈரம் இருந்தா மெல்ல மெல்ல பழையபடி ஆசிட்டும் ஆல்கஹாலுமா பிரியும், ஆறு மாசத்துல புளிப்பு வந்தா அன்னைக்கு சோடியம் சல்ஃபேட்ல அவசரப்பட்டீங்கன்னு புரிஞ்சுக்கோங்க. பைகார்பனேட் கழுவுன தண்ணி சிங்க்ல போகலாம், சைக்ளோஹெக்சேன் கலந்த எதுவும் போகக்கூடாது, அது ஆர்கானிக் வேஸ்ட் கேன்ல.

லேப்ல செஞ்சதை உடம்புல பூசாதீங்க, ஸ்ட்ரிப்ல மோக்குறதோட நிறுத்திக்கோங்க, ஸ்கின்ல போடுறதுக்குன்னா பெர்ஃப்யூமரி கிரேடு வாங்கணும், இதுக்கு ஒண்ணும் யானை விலை இல்ல. மல்லி பேஸ் கட்டுறதுக்கு ஆரம்பப் புள்ளியா நான் சொல்லுறது: பென்சைல் அசிட்டேட் 35 பங்கு, ஹெடியோன்ங்கிற செயற்கை மல்லி வாசனைப் பொருள் 25, ஹெக்சைல் சின்னமால்டிஹைடு 20, லினலூல் 10, பென்சைல் சாலிசிலேட் 7, பத்து சதவீதமா கரைச்ச இண்டோல் 2, அதே மாதிரி கரைச்ச சிஸ் ஜாஸ்மோன் 1. இதுல இண்டோலைப் பாத்து மூக்கைப் பொத்திக்குவாங்க, தனியா மோந்தா பாச்சை உருண்டையும் கழிவறையும் கலந்த மாதிரி இருக்கும், ஆனா அது இல்லன்னா கலவை ஷாம்பு மாதிரிதான் இருக்கும், பூ ஆகாது. பூவுலயும் அது இருக்கு, வாடுன சரத்துல வர்ற அந்தக் கனமான நெடில அதுக்கும் பங்கு இருக்கு.

இந்த அளவு பிச்சி பக்கம் நிக்கும். குண்டுமல்லி பக்கம் தள்ளணும்னா லினலூலை ஏத்தி, பென்சைல் அசிட்டேட்டைக் கொஞ்சம் குறைச்சு, மீதைல் ஆந்த்ரனிலேட் அரைப் பங்கு விட்டுப் பாருங்க, டக்குனு அந்தத் திராட்சை மாதிரி இனிப்பு வரும். ஆனா அது ஹெக்சைல் சின்னமால்டிஹைடோட சேந்து சில நாள்ல நிறத்தை மாத்தி மஞ்சள், ஆரஞ்சுன்னு போகும், பத்திக்கு ஊத்துறதுன்னா யாரும் கவலைப்பட மாட்டாங்க, வெள்ளை வேட்டி சட்டைக்கு அடிக்குற ஸ்ப்ரேன்னா அதை விட்டுடுங்க.